ரவுட்டர் ஏன் மூச்சு வாங்குகிறது: கோத்தகிரியில் ஒரு சீசன் மாலை

சீசன் தொடங்கியிருந்த ஒரு ஏப்ரல் மாலை. கோத்தகிரியில் கேபிள் டிவியோடு இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவரிடமிருந்து போன். “அண்ணா, லைன் இருக்கு. பிங் அடிச்சா பத்து தடவைக்கு ஏழு தடவை பதில் வருது. ஆனா எதுவும் ஓப்பன் ஆக மாட்டேங்குது. ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பத்தரை வரைக்கும் இதே கூத்து. கஸ்டமர் போனை எடுக்கவே பயமா இருக்கு.”

நான் இருப்பது குன்னூரில். நெட்வொர்க் வேலைதான் பிழைப்பு. தேயிலை ஃபாக்டரி, லாட்ஜ், இவரைப் போன்ற சின்ன ஆபரேட்டர்கள் என்று மலை முழுக்க அலைவேன். கிளம்புவதற்கு முன் ரவுட்டர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 1 ஜிபிபிஎஸ் லைனில் 350 எம்பிபிஎஸ் ஓடுகிறது. சிபியு 28 சதவீதம். அதாவது லைனில் முக்கால்வாசி இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ரவுட்டரும் சாவகாசமாக உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிகிறது. அதற்குள் அவருக்கு ஆளாளுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். ஒருவர், ரவுட்டர் பத்தாது, பெரிதாக வாங்கு என்று கொட்டேஷனே கொடுத்துவிட்டார். இன்னொருவர், மேலேயிருந்து வரும் லைனை இரட்டிப்பாக்கு என்றிருக்கிறார்.

திரையில் இருந்த இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய எண் அந்தத் திரையிலேயே இல்லை. விநாடிக்கு எத்தனை பாக்கெட் என்பதுதான் அது. இன்டர்நெட்டில் எதுவும் சிறு சிறு துண்டுகளாகத்தான் போகும், அந்தத் துண்டுதான் பாக்கெட்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுகிறவர்களுக்குக் குஞ்சப்பனை சோதனைச்சாவடி தெரியும். 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். சாவடியில் நிற்கும் ஊழியருக்கு ஐம்பது பேர் உட்கார்ந்த டூரிஸ்ட் பஸ்ஸும் ஒரு வண்டிதான், தனியாளாக வரும் பைக்கும் ஒரு வண்டிதான். நிறுத்து, பாஸைப் பார், அனுப்பு. ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில் வந்தால் ஒரு தடவை பார்த்தால் போதும். அதே ஐம்பது பேர் ஐம்பது பைக்கில் வந்தால் வரிசை மேட்டுப்பாளையம் வரை நிற்காவிட்டாலும் இரண்டு கொண்டை ஊசியாவது தாண்டும். 2025 கோடைக்கு நீதிமன்றம் வைத்த உச்சவரம்பும் வண்டிக் கணக்குதான்: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000. வருகிற ஆளை யாரும் எண்ணவில்லை.

ரவுட்டரின் பிழைப்பும் இதேதான். அது ஒரு பாக்கெட்டின் தலைப்பைத்தான் படிக்கிறது. உள்ளே 1,500 பைட் இருந்தாலும் 40 பைட் இருந்தாலும் படிக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றே. எம்பிபிஎஸ் என்பது ஆள் கணக்கு, ரவுட்டருக்கு வலிப்பது வண்டிக் கணக்கு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கம்பியில் பாக்கெட்டை அனுப்பும் ஈதர்நெட் முறையில், பாக்கெட்டைச் சுமக்கும் உறைக்கு ஃபிரேம் என்று பெயர். மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். அதற்கு முன்னால் வரும் 8 பைட் முன்னோட்டமும், இரண்டு ஃபிரேமுக்கு நடுவே விட வேண்டிய 12 பைட் இடைவெளியும் சேர்ந்தால் கம்பியில் 84 பைட், அதாவது 672 பிட். 1 ஜிபிபிஎஸ் லைனை இப்படிப்பட்ட குட்டி ஃபிரேம்களால் நிரப்பினால் விநாடிக்கு 14,88,095 பாக்கெட். அதே லைனை முழு நீள 1,518 பைட் ஃபிரேம்களால் நிரப்பினால் 81,274 தான். லைன் இரண்டு தடவையும் ஒரே அளவுக்கு நிறைந்திருக்கிறது, ஆனால் வேலை பதினெட்டு மடங்கு வித்தியாசம். குட்டி பாக்கெட்டாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற நேரம் 672 நானோ விநாடி. அதற்குள் பாதை தேடி, எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற ஃபயர்வால் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட் வேலையை முடித்து, வேகக் கட்டுப்பாட்டு வரிசையில் போட்டு, வெளியே தள்ள வேண்டும். சாதாரணப் பெட்டி எதுவும் இதைத் தாங்காது. விளம்பரத் தாளில் “1 ஜிபிபிஎஸ் தாங்கும்” என்று எழுதியிருந்தால், எந்த பாக்கெட் அளவில், எத்தனை ஃபயர்வால் விதியோடு என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். பெரும்பாலும் 1,500 பைட்டில், விதியே இல்லாமல் அளந்திருப்பார்கள்.

டி.என். 43 என்று நம்பர் பிளேட் இருந்தால் சாவடியில் இ-பாஸ் கேட்பதில்லை, உள்ளூர் வண்டி. ரவுட்டரிலும் இப்படி ஒரு சலுகை உண்டு. ஒரு இணைப்பின் முதல் பாக்கெட்டை முழுக்க சோதித்துவிட்டு, அப்புறம் வருவதையெல்லாம் குறுக்குவழியில் அனுப்பிவிடுவது. மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களில் இதற்கு ஃபாஸ்ட்ராக் என்று பெயர், லினக்ஸில் ஃப்ளோ டேபிள். நன்றாக வேலை செய்யும். ஆனால் குறுக்குவழியில் போகும் பாக்கெட் வேகக் கட்டுப்பாட்டு வரிசை வழியாகப் போகாது என்பதால், 50 எம்பிபிஎஸ் திட்டம், 100 எம்பிபிஎஸ் திட்டம் என்று விற்கும் ஆபரேட்டர்கள் இதைப் போடத் தயங்குவார்கள். கோத்தகிரியிலும் போடவில்லை.

சரி, சிபியு 28 சதவீதம்தானே என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அங்கே ரவுட்டராக இருந்தது லினக்ஸ் போட்ட நான்கு கோர் கம்ப்யூட்டர், அதாவது சிபியுவுக்குள் நான்கு வேலையாட்கள். தேநீர்க் கடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை, யுபிஎஸ் பேட்டரிகளுக்கு மேல் பலகை, பலகைமேல் பெட்டி. கீபோர்டை இணைத்து ‘டாப்’ கட்டளையைப் போட்டு, 1 என்ற விசையை அழுத்தினேன். மொத்தக் கணக்காக இருந்தது கோர் கோராகப் பிரிந்து விரிந்தது. முதல் கோர் 100. மற்ற மூன்றும் நான்கு, ஐந்து, மூன்று. நான்கையும் கூட்டி நாலால் வகுத்தால் 28. ஒருத்தன் மூட்டை சுமக்க மூன்று பேர் வேடிக்கை பார்க்கிற வீட்டில் சராசரி போட்டால் எல்லோரும் கொஞ்சமாக வேலை செய்வதாகத்தான் வரும்.

அந்த நூறும் எதில் போகிறது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். ‘எஸ்ஐ’ என்று ஒரு பத்தி, சாஃப்ட் இன்டரப்ட் என்பதன் சுருக்கம். நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட்டை எடுத்து அலசும் வேலை இந்தக் கணக்கில்தான் விழும். அது 99-ஐத் தொட்டு நின்றது. ஏதாவது புரோகிராம் கிறுக்குப் பிடித்துச் சுற்றுகிறது என்றால் வேறு பத்தியில் ஏறியிருக்கும். சிஸ்கோ பெட்டிகளில் இதே விஷயம் ஒரு வரியில் தெரிந்துவிடும்: சிபியு நிலவரத்தைக் கேட்டால் 99%/85% என்பது போல இரண்டு எண் வரும். முதலாவது மொத்தம், இரண்டாவது கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான இன்டரப்ட் செலவு. இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தால் போக்குவரத்துதான் காரணம். முதலாவது மட்டும் உயர்ந்து இரண்டாவது தாழ்ந்திருந்தால், ரவுட்டர் தானே உட்கார்ந்து கையால் செய்யும் ஏதோ ஒரு வேலை அதை இழுக்கிறது. மைக்ரோடிக்கில் புரொஃபைல் என்று ஒரு கருவி, ஃபயர்வாலுக்கு இவ்வளவு, வரிசைக்கு இவ்வளவு என்று பிரித்தே காட்டும்.

பாக்கெட் வரத்து ஒரு எல்லையைத் தாண்டினால் ரவுட்டர் மெதுவாவதோடு நிற்காது. வாங்குவதிலேயே முழு நேரமும் போய், வாங்கியதை அனுப்ப நேரமே இல்லாத நிலைக்குச் சரியும். 1996-இல் ஜெஃப்ரி மொகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ரிசீவ் லைவ்லாக் என்ற பெயரே உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மணி அடித்துச் சிபியுவை எழுப்பாமல், ஒரு தடவை எழுப்பிவிட்டு, அப்புறம் சிபியுவே வந்து இத்தனை என்று அளவாக அள்ளிக்கொண்டு போகட்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. லினக்ஸின் நாப்பி ஏற்பாடும் அந்த வழியில்தான் நடக்கிறது. அளவு வைத்து அள்ளியும் மிச்சம் கிடந்தால் அதை லினக்ஸ் குறித்து வைக்கும்: சாஃப்ட்நெட் ஸ்டாட் என்ற கோப்பில் கோருக்கு ஒரு வரி, எண்கள் பதினாறடிமானத்தில். முதல் பத்தி எடுத்தது, இரண்டாவது கீழே போட்டது, மூன்றாவது நேரம் போதாமல் பாதியில் விட்டது. அந்த மூன்றாவது பத்தி அன்றைக்குப் பால் பொங்குவதுபோல் ஏறிக்கொண்டிருந்தது.

லைன் ஏன் காலியாகத் தெரிந்தது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பாக்கெட் கீழே விழுந்தால், அனுப்புகிற பக்கத்தில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற விதிமுறை “பாதையில் நெரிசல்” என்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லா வாடிக்கையாளர்களின் வீடியோவும் டவுன்லோடும் தானாகவே அடங்கிப் போகும். கிராஃபில் லைன் காலி. ரவுட்டரின் திணறலே அதைக் காலியாக்கியிருக்கிறது. இந்த நிலையில் லைனை இரட்டிப்பாக்கினால் மாத வாடகை கூடுமே தவிர வேறொன்றும் ஆகாது.

அடுத்து நான் செய்தது ஒரே ஒரு வகுத்தல். லைன் வந்து சேரும் இன்டர்ஃபேஸின் கவுன்டரில் பைட்டும் இருக்கும், பாக்கெட்டும் இருக்கும். இரண்டையும் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு தடவை குறித்து, வித்தியாசத்தை எடுத்து, பைட்டைப் பாக்கெட்டால் வகுத்தால் சராசரி பாக்கெட் அளவு. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதைவிடச் சுலபமான, இதைவிட அதிகம் சொல்லும் அளவு வேறு இல்லை. ஆனாலும் பத்து இடத்துக்குப் போனால் ஒரு இடத்தில்கூட கிராஃப் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். வீடுகளுக்குச் சேவை கொடுக்கும் லைனில் உள்ளே வரும் பக்கம் ஆயிரம் பைட்டை ஒட்டி இருப்பது வழக்கம். எல்லோரும் வீடியோ பார்க்கிறார்கள், வீடியோ முழுப் பாக்கெட்டாக வரும். அவருடைய பழைய பதிவில் நல்ல நாள் ஒன்றைப் பார்த்தேன். 260 எம்பிபிஎஸ், 32,000 பாக்கெட். ஆயிரத்தைச் சற்றே தாண்டுகிறது. அன்றைய மாலை 350 எம்பிபிஎஸ், 2,30,000 பாக்கெட். வகுத்தால் 190 பைட்.

பஸ் கூட்டம் அப்படியே இருக்க, பைக் கூட்டம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. விநாடிக்கு இரண்டு லட்சம் பாக்கெட் அளவுக்கு.

இன்னொரு துப்பும் கிடைத்தது. வெளியே போகும் பக்கமும் அதே இரண்டு லட்சம் ஏறியிருந்தது. வாடிக்கையாளர் பக்கத்து இன்டர்ஃபேஸில் அந்த ஏற்றமே இல்லை. மேலேயிருந்து வருகிறது, மேலேயே திரும்பிப் போகிறது, ஊருக்குள் இறங்கவே இல்லை.

மேல் லைனில், கடந்து போகும் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டு இருநூறு பாக்கெட் மட்டும் பிடித்தேன். (இருநூறோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூச்சு வாங்குகிற பெட்டியில் பிடித்துக்கொண்டே இருந்தால் நாமே அதன் கழுத்தை நெரித்தவர்கள் ஆவோம்.) பெரும்பாலானவை ஒரே முகவரிக்குப் போகும், பதிலுக்குக் காத்திருக்காத யுடிபி வகைப் பாக்கெட்டுகள். அடையாள எண்ணை வைத்து அதில் ஒன்றைத் தொடர்ந்து பார்த்தேன். பாக்கெட்டின் மிச்ச ஆயுளைச் சொல்லும் டிடிஎல் எண் 113, உள்ளே. 112, வெளியே. 111, உள்ளே. 110, வெளியே. அதே பாக்கெட், அதே அடையாள எண். அப்புறம் தேட வேண்டியது எதுவும் இல்லை.

நடந்தது இது. மேல் நிறுவனம் இவருக்கு 256 முகவரி கொண்ட ஒரு தொகுதியைக் கொடுத்திருக்கிறது. அதில் எதற்கு வந்தாலும் இவர் ரவுட்டருக்கு அனுப்பும். இவர் ரவுட்டரில், பயன்பாட்டில் இருக்கும் முகவரிகளுக்கு மட்டும் பாதை எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் பொதுப் பாதையில், அதாவது திரும்பவும் மேலே. பயன்படுத்தாத முகவரிக்கு ஒரு பாக்கெட் வந்தால், “இது என்னிடம் இல்லை” என்று இவர் மேலே தள்ளுவார், “இது உன்னுடையது” என்று அவர்கள் கீழே தள்ளுவார்கள். தாலுகா ஆபீஸ் பஞ்சாயத்து ஆபீஸைக் காட்ட, பஞ்சாயத்து ஆபீஸ் தாலுகா ஆபீஸைக் காட்டுகிற கதை. மனுவின் ஓரத்தில் முத்திரை குத்த இடம் தீரும் வரை அது சுற்றும். அந்த இடம்தான் டிடிஎல். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் பாக்கெட் செத்தது. 113-இல் உள்ளே வந்த பாக்கெட் 111, 109 என்று குறைந்து தீர்வதற்குள் இந்தப் பெட்டியை 57 தடவை மிதிக்கும். விநாடிக்கு 3,500 பாக்கெட் வந்தாலே போதும், 57 மடங்கில் இரண்டு லட்சம் ஆகிவிடும். 3,500 என்பது தனியாக வந்திருந்தால் இந்தப் பெட்டி கவனித்தே இருக்காது.

சரி, யாருமே இல்லாத முகவரிக்கு ஏன் இவ்வளவு வருகிறது? கேட்டதும் தம்பி தலையைச் சொறிந்தார். அரவேணு பக்கம் ஒரு கல்லூரிப் பையன், வீட்டிலேயே கேம் சர்வர் நடத்துகிறான். தோற்றுப்போன எவனோ கடுப்பில் மாலை தோறும் அவன் முகவரிக்குக் குப்பைப் பாக்கெட் அனுப்ப ஆரம்பித்திருக்கிறான். பையன் வந்து அழுதிருக்கிறான். இவரும் இரக்கப்பட்டு வேறு முகவரி கொடுத்துவிட்டு, பழையதற்கு எழுதியிருந்த பாதையை அழித்துவிட்டார். அதுவரை ஒரு வீட்டு லைனை மட்டும் அடைத்துக்கொண்டிருந்த தாக்குதல், அந்த நிமிடத்திலிருந்து ஊர் முழுவதற்கும் 57 மடங்காகிவிட்டது. நல்லது செய்யப் போய் வந்த வினை.

மருந்து ஒரே வரி. அந்த 256 முகவரித் தொகுதி முழுவதற்கும், வந்ததைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் பிளாக்ஹோல் பாதை ஒன்று. பாதை தேடும்போது குறுகலான பாதைதான் முதலில் ஜெயிக்கும் என்பதால், பயன்பாட்டில் இருக்கும் முகவரிகளுக்கு இது எந்தத் தொந்தரவும் தராது. வேறு பாதை இல்லாதவை மட்டும் குழியில் விழும். “சென்றடைய முடியாது” என்று பதில் அனுப்பும் வகையும் உண்டு, அதைப் போடாதீர்கள். தாக்குதல் நடக்கும்போது ஒவ்வொரு குப்பைக்கும் பதில் கடிதம் எழுதும் வேலை எதற்கு? என்டர் தட்டிய மறு விநாடி முதல் கோர் முப்பதுக்குக் கீழே இறங்கியது. அறைக்கு வெளியே கடைக்காரரின் செல்போனில் சீரியல் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது.

எல்லா இடத்திலும் இதே நோய் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வகுத்துப் பார்த்தபோது சராசரி அளவு சிறுத்திருந்தால் எங்கே சிறுத்தது, எந்தப் பக்கம் என்று பார்ப்பதே பாதி வேலை. உள்ளூர்ப் பக்கத்தில் மட்டும் ஏறியிருந்தால், எவனாவது சுவிட்சில் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் சொருகியிருக்கிறானா என்று பாருங்கள். எல்லோருக்கும் என்று அனுப்பும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுக்கு டிடிஎல்கூடக் கிடையாது, சுற்ற ஆரம்பித்தால் கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றும். லாட்ஜ்களில் சீசனுக்கு முன் அவசரமாக அறை அறையாக வைஃபை மாட்டும்போது இது சகஜம். வெளியே போகும் பக்கத்தில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) பதில்கள் கொட்டினால், உங்கள் ரவுட்டர் ஊரில் யார் கேட்டாலும் பெயர் சொல்லும் திறந்த டிஎன்எஸ் ஆக இருக்கிறது, யாரோ அதை வைத்து இன்னொருவரை அடிக்கிறார்கள். வெளி இன்டர்ஃபேஸில், டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53-ஆம் போர்ட்டை மூடுங்கள்.

சராசரி அளவு வழக்கம்போலவே இருந்தும் கோர் நூறில் நின்றால், வரத்தில் குறை இல்லை, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நாம் வைத்திருக்கும் வேலைதான் அதிகம். யாரோ எப்போதோ சோதனைக்குப் போட்டுவிட்டு மறந்த ‘லாக்’ விதி ஒன்று எல்லாப் பாக்கெட்டையும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். அல்லது நூற்றைம்பது ஃபயர்வால் விதிகளில், முக்கால்வாசிப் பாக்கெட்டுக்குப் பொருந்துகிற “ஏற்கெனவே உருவான இணைப்பை அனுமதி” என்பது நூற்று நாற்பதாவதாக இருக்கும். அதை மேலே ஏற்றுவதற்குச் செலவு கிடையாது.

இணைப்புகளை நினைவில் வைக்கும் கன்ட்ராக் அட்டவணை தனிக் கதை. லினக்ஸில் உருவாகிவிட்ட டிசிபி இணைப்பு எந்தச் சத்தமும் இல்லாமல் கிடந்தால், அதை மறக்க இயல்பாக வைத்திருக்கும் கெடு 4,32,000 விநாடி. ஐந்து நாள்! சீசனில் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மாலை இறங்கிப் போன டூரிஸ்டின் செல்போன் விட்டுப்போன இணைப்பு அடுத்த வெள்ளிவரை அட்டவணையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும். நிறைந்துவிட்டால் புதிய இணைப்பு எதுவும் பிறக்காது, பழையது மட்டும் ஓடும். “வாட்ஸ்அப் வருது, புதுசா எதுவும் ஓப்பன் ஆகல” என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் லாகில் “டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்” என்ற வரியைத் தேடுங்கள். கெடுவைச் சில மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கோத்தகிரிக்குத் திரும்புவோம். “அப்ப ரவுட்டர் வாங்க வேண்டாமா அண்ணா?” என்றார். முழுதாக வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த நெட்வொர்க் கார்டில் பாக்கெட் வந்து நிற்க ஒரே ஒரு வரிசைதான், அதனால்தான் எல்லாம் முதல் கோரின் தலையில் விழுந்தது. பல வரிசை உள்ள கார்டு ஒன்று வாங்கச் சொன்னேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்டு பாக்கெட்டின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் வரிசைகளுக்குப் பிரிக்கும். வாடிக்கையாளர்கள் பிபிபிஓஇ-யில் (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் முறை) வருவதால் ஐபி தலைப்பு இன்னொரு உறைக்குள் ஒளிந்திருக்கிறது. பல கார்டுகளுக்கு அந்த உறையைப் பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் முதல் வரிசையிலேயே தள்ளிவிடும். எட்டு வரிசைக் கார்டு வாங்கி மாட்டிவிட்டு ஒன்றுமே மாறவில்லை என்று புலம்புகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கார்டால் முடியாததைக் கர்னலே பிரித்துக் கோர்களுக்குப் பங்குவைக்கும் ஆர்பிஎஸ் என்ற வசதி லினக்ஸில் 2010-இல் 2.6.35 பதிப்போடு வந்தது. அதற்கு பிபிபிஓஇ உறைக்குள் பார்க்கத் தெரியும். வாடிக்கையாளர் பக்கத்துக்கு அதைப் போட்டுவிட்டோம். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் 500 எம்பிபிஎஸ் தாண்டியபோது நான்கு கோரும் நாற்பதை ஒட்டியே இருந்தன.

பிளாக்ஹோல் பாதைக்கு ஒரு கவுன்டர் வைத்து, அதையும் கிராஃபில் சேர்த்திருக்கிறோம். காலி முகவரிக்கு இன்னமும் மாலை ஏழு மணிக்கு 3,500 ஏறி, பத்தரைக்கு இறங்குகிறது. அனுப்புகிறவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது போலிருக்கிறது.